திருப்பூரிலிருந்து மாஜுலி வரை: பதிமூன்று நாள் வடகிழக்குக் குறிப்புகள்

நாள் 1, 2: ரயில்

விவேக் எக்ஸ்பிரஸ். கன்னியாகுமரியில் கிளம்பி அசாமின் திப்ருகர் வரை போகும் ரயில், 4,100 கிலோமீட்டருக்கு மேல், நாட்டிலேயே அதிக தூரம் ஓடுவது இதுதான். நானும் என் மனைவியும் திருப்பூரில் விடிவதற்கு முன்னாலேயே ஏறிவிட்டோம். எங்கள் பெட்டியில் முக்கால்வாசிப் பேர் ஊருக்குத் திரும்பும் வேலைக்காரப் பையன்கள். எர்ணாகுளத்து ஓட்டல், கோயம்புத்தூர் பவுண்டரி, திருப்பூர் பனியன் கம்பெனி என்று ஆளாளுக்கு ஓர் இடம். சீட்டுக்கு அடியில் டேபிள் ஃபேன், குக்கர், நேந்திரம் சிப்ஸ் மூட்டை. எதிர் சீட்டுப் பையன் என் மனைவியிடம் "அக்கா, தண்ணி வேணுமா?" என்று சுத்தமான கொங்குத் தமிழில் கேட்டான்.

இந்தப் பயணத்துக்குக் காரணமும் அப்படி ஒரு பையன்தான். நான் சூப்பர்வைசராக இருக்கும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறான், வந்து நான்கு வருஷம் ஆகிறது. அசாமில் பிரம்மபுத்திராவுக்கு நடுவில் இருக்கும் மாஜுலித் தீவுக்காரன். ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் "அண்ணா, வீட்ல தண்ணி வந்துருச்சு, லீவு வேணும்" என்று வந்து நிற்பான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஷிப்மென்ட் நெருக்கடியில் நான் லீவு தரவில்லை. சும்மா சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த நவம்பரில் அந்தப் பக்கம் போகிறோம் என்றதும் வீட்டுக்கு அவசியம் போய் வரச் சொன்னான். அம்மாவுக்கு ஒரு பார்சல் கொடுத்தான், அதோடு ஒரு வேலையும்: "வீட்டு ஏணியிலிருந்து ஆத்தங்கரை வரைக்கும் நடந்து பாத்து எத்தனை அடின்னு சொல்லுங்கண்ணா."

இரண்டாம் நாள் காலை ஒடிசாவில் சிலிகா ஏரியை ஒட்டியே ரயில் போனது. அதைத் தாண்டி வங்காளம் முழுக்க அறுத்த வயல்தான்.

நாள் 3: கவுகாத்தி

சிலிகுரிப் பக்கம் நாடே ஒடுங்கிவிடுகிறது. ஒரு பக்கம் நேபாளம், மறுபக்கம் பங்களாதேஷ், நடுவில் குறுகலான இடத்தில் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். ஏழு மாநிலங்களுக்கும் போகிற ரயில், லாரி எல்லாமே அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். மேப்பில் பார்த்ததுதான், ரயிலில் அதைக் கடக்கும்போதுதான் இந்தப் பகுதி எவ்வளவு தனித்து நிற்கிறது என்று புரிந்தது.

சாயங்காலம் நாலரைக்கே பொழுது சாய்ந்துவிட்டது. நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்பதால் இங்கே காலை ஐந்தரைக்கு நன்றாக விடிந்துவிடும், ஐந்து மணிக்கு இருட்டு. தேயிலைத் தோட்டங்களில் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் வைத்த 'பாகான் டைம்' இன்னும் நடக்கிறது, வெள்ளைக்காரன் காலத்து வழக்கம்.

பிரம்மபுத்திராவை முதன்முதலில் பார்த்தோம். காவிரி, பவானி பார்த்த கண்ணுக்கு இதை ஆறு என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலான நதிகளைப் பெண்ணாகச் சொல்லும் நாட்டில் இது ஆண் நதி, பிரம்மனின் புத்திரன். 1671-இல் லச்சித் பர்புகன் தலைமையில், அசாமை ஆண்ட அகோம் அரசின் படை மொகலாயர்களைத் தோற்கடித்த சராய்காட் சண்டை இந்தத் தண்ணீரில்தான் நடந்தது.

ராத்திரி அசாமியச் சாப்பாடு. காய்ந்த வாழைத்தோலை எரித்து, அந்தச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்து, அதில் பப்பாளிக்காயை வேகவைக்கிறார்கள். அதற்கு 'கார்' என்று பெயர். முதல் வாய்க்குப் புரியாது, மூன்றாவது வாய்க்குப் பிடித்துவிடும். கடைசியில் 'டெங்கா' என்ற புளிப்பு மீன் குழம்பு. எண்ணெய் குறைவு, மசாலா அதைவிடக் குறைவு. மூன்று நாள் ரயில் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது.

நாள் 4: காமாக்யா, அப்புறம் மேகாலயா

விடியற்காலையில் நீலாசல மலைக்குப் போய்விட்டோம், அப்போதே நீளமான வரிசை. கருவறைக்குள் சிலை கிடையாது. இருட்டில் படியிறங்கிப் போனால் பாறைப் பிளவு ஒன்று, அதன்மேல் ஓயாமல் ஊறும் சுனைத் தண்ணீர். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேலே வர வேண்டியதுதான். ஜூனில் அம்புபாச்சி சமயம், அம்மனுக்கு வீட்டு விலக்கு என்று கோயிலை மூன்று நாள் சாத்துகிறார்கள், திறக்கும்போது லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. நம் பக்கம் அந்த நாளில் பெண் கோயில் வாசலை மிதிக்க மாட்டாள், இங்கே அதையே திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். வெளியே வந்த என் மனைவி வெகுநேரம் பேசவே இல்லை.

மதியம் ஷேர் சுமோவில் ஷில்லாங். ஜோராபாட் தாண்டியதும் கொஞ்ச தூரம் ரோட்டின் ஒரு பக்கம் அசாம், மறுபக்கம் மேகாலயா. உமியம் ஏரி வந்ததும் காதில் குளிர் ஏற ஆரம்பித்தது.

நாள் 5: ஷில்லாங்

மேகாலயா 1972-இல்தான் தனி மாநிலம் ஆனது. அதுவரை ஷில்லாங்தான் அசாமின் தலைநகரம்.

காலையில் இயூடு சந்தைக்குப் போனோம். சந்து சந்தாகச் சரிவில் இறங்கிக்கொண்டே போகும் பெரிய சந்தை, கடைகளில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பெண்கள். இங்குள்ள காசி பழங்குடியினரிடம் பிள்ளைகளுக்கு அம்மாவின் குலப்பெயர்தான் வரும், பூர்வீக வீடு கடைசிப் பெண்ணுக்குப் போகும். சொத்தோடு வயதான அப்பா அம்மாவைப் பார்ப்பதும், வீட்டுச் சடங்குகளும் அவள் பொறுப்பு. எங்கள் டிரைவர் தம்பி கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டில்தான் இருக்கிறார், அதைச் சாதாரணமாகச் சொன்னார். "நம்ம ஊர்ல வீட்டோட மாப்பிள்ளைன்னா எவ்வளவு பேச்சு பேசுவாங்க" என்றாள் மனைவி. அவள் வீட்டில் அவள்தான் கடைசிப் பெண்.

வெற்றிலை விற்ற அம்மா ஒருவர் எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு 'குவாய்' மடித்துக் கொடுத்தார். பச்சைப் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு, அவ்வளவுதான். ஆனால் இந்த ஈரப்பாக்கு நம் கொட்டைப்பாக்கு மாதிரி இல்லை. மென்ற ஒரு நிமிஷத்தில் காது மடல் சுட்டது, நெற்றி வியர்த்தது. குளிருக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரிதான். அந்தக் காலத்தில் ஓர் ஊருக்கு இவ்வளவு தூரம் என்பதை, போய்ச் சேருவதற்குள் எத்தனை குவாய் மெல்லலாம் என்றுதான் கணக்குச் சொல்வார்களாம். யாராவது இறந்துபோனால் 'கடவுள் வீட்டில் குவாய் சாப்பிடுகிறார்' என்பது காசி வழக்கு. தாம்பூலம் வைத்து அழைக்கும் வீட்டில் பிறந்தவனுக்கு இதைக் கேட்டதும் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

நாள் 6: சிரபுஞ்சி, நோங்ரியாத்

இங்குள்ளவர்கள் சிரபுஞ்சி என்று சொல்வதில்லை, சோரா என்கிறார்கள். 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரை ஒரே வருஷத்தில் 26,461 மில்லிமீட்டர் மழை, இன்றுவரை அது உலக சாதனை. பங்களாதேஷ் சமவெளியைத் தாண்டி வரும் மேகத்துக்கு முதல் தடுப்பு இந்த மலைச் சுவர்தான். முட்டி மேலே ஏறி, மொத்தத்தையும் இங்கேயே கொட்டிவிட்டுப் போகிறது. ஆனால் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை, மேலே மண் மெலிசு, மரமும் குறைந்துவிட்டது. பெய்ததெல்லாம் பள்ளத்தில் இறங்கித் தெற்கே பங்களாதேஷுக்கு ஓடிவிடுகிறது. குளிர்காலம் வந்தால் குடிதண்ணீருக்குத் திண்டாட்டம். நாங்கள் போன வழியில் ஒரு சின்னக் குழாய்க்கு முன்னால் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. எனக்கு ஒரு நிமிஷம் எந்த ஊரில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை.

திர்னா கிராமத்திலிருந்து நோங்ரியாத்துக்கு 3,000-க்கு மேல் படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள், ஏறுவதுதான் பாடு. பாக்குத் தோப்பு, பிரிஞ்சி இலை மரம், ஆரஞ்சு மரம் எல்லாம் தாண்டி இரண்டு கம்பித் தொங்குபாலங்களில் ஆடி ஆடிப் போனால் அந்த இரட்டை அடுக்கு வேர்ப்பாலம். ஓடையோரம் நிற்கும் ரப்பர் ஆலமரத்தின் விழுதுகளைப் பாக்குமரத் தண்டிலும் மூங்கிலிலும் ஏற்றி அக்கரைக்கு வழிகாட்டி விடுகிறார்கள். அக்கரை மண்ணில் வேர் பிடித்து, ஆள் நடக்கிற பலம் வர பதினைந்து, இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரும்புப் பாலம் இந்த மழையில் துருப்பிடித்துவிடும், மரப்பாலம் மக்கிவிடும், இது மட்டும் வருஷம் ஏற ஏறக் கெட்டியாகிறது.

பாலத்தின் கைப்பிடி வேரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பழைய வேர் யானைத் தோல் மாதிரி முரடு. அதைச் சுற்றிப் பென்சில் கனத்தில் ஓர் இளம் விழுது, நுனி வெளிர் சிவப்பு, யாரோ சமீபத்தில் வளைத்துப் பின்னிவிட்டிருந்தார்கள். பின்னியவர் அதன்மேல் நடக்கப்போவதில்லை, அவர் பேரன் நடப்பான்.

மேலே ஏறி வரும்போது நெற்றியில் பட்டை மாட்டி முதுகுக் கூடையில் அரிசி மூட்டை, சிமென்ட் மூட்டை சுமந்து இறங்கும் ஆட்களைப் பார்த்தோம். அவர்களுக்கு இந்தப் படிகள் தினசரி ரோடு. ஒதுங்கி நின்று வழி விடுங்கள், தயவுசெய்து நடுப்படியில் உட்கார்ந்து போட்டோ எடுக்காதீர்கள்.

நாள் 7: டாவ்கி

உம்ங்கோட் ஆறு. இணையத்தில் பார்க்கும் படங்கள் நிஜம்தான், படகு அந்தரத்தில் நிற்பதுபோல் அடியில் நிழல் விழுகிறது. நவம்பர் முதல் மழை தொடங்கும் வரை போங்கள். மழைக்காலத்தில் போனால் கலங்கல்தான். 1932-இல் கட்டிய தொங்குபாலத்துக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் பங்களாதேஷ். ஆற்றில் வேலி இல்லை, இந்தப் பக்கப் படகும் அந்தப் பக்கப் படகும் பேசிக்கொள்கிற தூரத்தில் போகின்றன. யாராவது கொஞ்சம் தாண்டினால் விசில் சத்தம்.

வழியில் மாவ்லின்னாங் கிராமத்தில் அரை மணி நேரம். சுத்தம்தான், மூங்கில் குப்பைக் கூடை வாசலுக்கு வாசல். ஆனால் வேன் வேனாக ஆள் இறங்கி வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது, சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

நாள் 8, 9: காசிரங்கா

நேற்று முழுக்க ரோடுதான். இன்று காலை கோஹோராவில் ஜீப் ஏறினோம். மழைக்காலத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள், இப்போதுதான் சீசன் தொடங்கியிருக்கிறது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் யானைப்புல், பனி, எதுவும் தெரியவில்லை. டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். சரக் சரக் என்று புல் கடிபடும் சத்தம் முதலில் வந்தது, பிறகுதான் காண்டாமிருகம் தெரிந்தது. இருபதடி இருக்கும். தோல் மடிப்பில் சேறு காய்ந்து வெடித்திருந்தது, அந்த வெடிப்புக்குள் ஒரு குருவி கொத்திக்கொண்டிருந்தது.

1904-இல் வைஸ்ராய் கர்சனின் மனைவி வந்தபோது ஒரு காண்டாமிருகம்கூடக் கண்ணில் படவில்லை, கால்தடம்தான் பார்த்தார், அதற்குப் பிறகுதான் 1905-இல் இதைக் காக்கும் வேலை தொடங்கியது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். 2022 கணக்கெடுப்பில் 2,613. கொம்பு என்பது நம் நகம், முடி மாதிரி வெறும் கெரட்டின்தான், அதற்காக இவ்வளவு உயிர் போயிருக்கிறது. காண்டாமிருகம் தினமும் ஒரே குவியலில் வந்து சாணம் போடும் பழக்கம் உள்ளது. வேட்டைக்காரர்களுக்கு அது தெரியும், அங்கேயே காத்திருப்பார்கள் என்றார் டிரைவர். காவலுக்கு இருப்பவர்களின் முகாமைத் தூரத்தில் பார்த்தோம், நான்கு கால்மேல் ஒரு குடிசை, சுற்றிலும் புல். அங்கேதான் மாதக்கணக்கில் இருக்கிறார்கள்.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். வெள்ளம் இல்லாவிட்டால் இந்தப் புல்வெளியே காடாக மாறிவிடும் என்றார். பிரம்மபுத்திரா கொண்டுவரும் வண்டல்தான் புல்லுக்கும் ஏரிகளுக்கும் உயிர். ஆனால் தண்ணீர் அளவு மீறி ஏறினால் மான், யானை, காண்டாமிருகம் எல்லாம் நெடுஞ்சாலையைக் கடந்து எதிரே இருக்கும் கர்பி ஆங்லாங் மலைக்கு ஓட வேண்டும். அந்த நாட்களில் லாரிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். தண்ணீர் வந்தால் ஏற மிருகத்துக்கு மேடு இருக்கிறது. எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வந்தது.

மதியத்துக்கு மேல் திமாப்பூர். நாகாலாந்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் வேண்டும், ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிட்டோம்.

நாள் 10: கோஹிமா

போர்க் கல்லறைக்குத்தான் முதலில் போனோம். இரண்டாம் உலகப் போரில், 1944-இல் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஜப்பான் படையை பிரிட்டிஷ் இந்தியப் படையினர் இங்கே தடுத்து நிறுத்தினார்கள். வெள்ளைக்கார அதிகாரி பங்களாவின் டென்னிஸ் கோர்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை, நடுவில் வெடிகுண்டு. அந்தக் கோர்ட்டின் கோடுகளை இப்போதும் குறித்து வைத்திருக்கிறார்கள். 1,400-க்கு மேல் கல்லறைகள், தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவுச்சின்னம்.

கல்லில் வெட்டிய வாசகம் பலருக்குத் தெரிந்திருக்கும்: வீடு திரும்பும்போது எங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம் என்று. எனக்கு வேறொன்றும் தோன்றியது. ஜப்பானியரோடு இந்த எல்லைக்கு வந்தது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும்தான். அதில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம், ஊரையே பார்க்காத பிள்ளைகள். பசியிலும் காய்ச்சலிலும் இந்தக் காடுகளில் விழுந்தவர்களுக்குப் பெயர் வெட்டிய கல் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

சந்தையில் நத்தை, தவளை, தேனீப் புழு, புளிக்கவைத்த சோயா 'அக்குனி', ராஜா மிளகாய். இதைப் பார்த்து முகம் சுளித்து வீடியோ போடுபவர்களை எனக்குப் பிடிக்காது. விற்ற அக்காவிடம் அக்குனியை எப்படிச் சமைப்பது என்று மனைவி கேட்டுக் குறித்துக்கொண்டாள், கருவாட்டுக் குழம்பு வைப்பவளுக்கு அந்த வாசனை புதிதல்ல. இந்தச் சின்ன மாநிலத்தில் ஒவ்வொரு இனக்குழுவுக்கும் தனி மொழி, ஒருவருக்கொருவர் பேச நாகாமீஸ். டிசம்பர் 1 முதல் 10 வரை கிசாமாவில் ஹார்ன்பில் விழா, எங்களுக்கு நாள் ஒத்துவரவில்லை.

நாள் 11: ஜோர்ஹாட்

பயணம், தேயிலைத் தோட்டம், தூக்கம். எழுத ஒன்றுமில்லை.

நாள் 12: மாஜுலி

நிமாட்டி படித்துறையில் படகு. கார், பைக், ஆடு, காஸ் சிலிண்டர், பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லாம் ஒரே தளத்தில். கடைசிப் படகு சாயங்காலத்துக்குள் போய்விடும், நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெட்டி என்று நிரந்தரமாக எதுவும் இல்லை, கரை உடையும்போதெல்லாம் இடம் மாற்றுகிறார்கள்.

ஆற்றுக்கு நடுவில் ஒரு மாவட்டம் இது, 2016-இல் அறிவித்தார்கள். 1449-இல் பிறந்த சங்கரதேவரின் வழிவந்த வைணவ மடங்கள் 'சத்ரா' என்ற பெயரில் தீவு முழுக்க இருக்கின்றன. சாமகுரி சத்ராவில் முகமூடி செய்வதைப் பார்த்தோம். மூங்கில் சிம்பில் பின்னிய கூடு, மேலே களிமண்ணில் தோய்த்த துணி, அதற்கு மேல் களிமண்ணும் சாணமும் சேர்த்த பூச்சு. ஒரு ராவண முகம் காய்ந்துகொண்டிருந்தது, கீழ்த்தாடை தனியாக அசையும்படி கட்டியிருந்தார்கள். எழுபது வயதுப் பெரியவர் அதைத் தூக்கி மாட்டித் தாடையை ஆட்டிக் காட்டினார், கண்ணுக்குள் அவர் கண் தெரிந்தது.

நாள் 13: அவன் வீடு

அவர்கள் மிசிங் இனத்தவர். வீடு ஆளுயரத் தூண்கள்மேல் நிற்கிறது, சாங் கர் என்கிறார்கள். வெட்டுப் படி போட்ட ஒற்றை மரம்தான் ஏணி. மேலே மூங்கில் தரை, நடக்க நடக்க மெதுவாக அமுங்குகிறது. நடுவில் அடுப்பு, அதற்கு மேலே தொங்கும் தட்டில் மீன் புகையில் காய்கிறது.

தரைக்குக் கீழே நிழலில் தறி. அம்மா இறங்கிப்போய் உட்கார்ந்து நெய்து காட்டினார். பாவு கறுப்பு, ஊடையில் சிவப்பும் மஞ்சளும், கட்டம் கட்டமாக வைரப் பூ. வரைபடம் எதுவும் கிடையாது, விரலால் நூலை எண்ணித் தூக்குகிறார். இருபது வருஷம் துணியில் குறை தேடியே சம்பளம் வாங்கியவன் நான். பழக்கதோஷத்தில் கட்டை விரலால் துணியைத் தடவிக் குறை தேடினேன். ஓர் இழைகூடத் தப்பவில்லை.

போனில் வீடியோ போட்டுப் பையனைப் பேச வைத்தோம். அவன் மிசிங்கில் அம்மாவிடமும் தமிழில் எங்களிடமும் மாற்றி மாற்றிப் பேசினான். "அண்ணா, அம்மா இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கச் சொல்றாங்க, வேணாம்னு சொன்னா கோவிச்சுக்குவாங்க." இலையில் கட்டி வேகவைத்த சோறு, கீரையோடு கோழி. பார்சலைப் பிரித்தார்கள், எங்கள் கம்பெனி டீஷர்ட் நாலு, முறுக்கு, பழைய போன் ஒன்று.

சாப்பிட்ட பிறகு அம்மா எங்களைக் கரைக்குக் கூட்டிப்போனார். கரை என்றால் சரிவு இல்லை, கேக் வெட்டிய மாதிரி நேர்க்குத்தான மணல் மண். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டி 'தொப்' என்று விழுந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீருக்கு நடுவே தூரத்தில் கையைக் காட்டி ஏதோ சொன்னார், பையன் போனில் சொன்னான்: "அங்கதாண்ணா நாங்க முன்னாடி இருந்த வீடு. அதுக்கும் முன்னாடி இருந்தது இன்னும் அந்தப் பக்கம்."

1950 ஆகஸ்ட் 15-இல் வந்த பெரிய நிலநடுக்கம் மலைகளைச் சரித்து மண்ணை ஆற்றில் தள்ளியது, ஆற்றுப் படுகை உயர்ந்தது, அரிப்பு அதிகமானது. ஒரு காலத்தில் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த தீவு இன்று பாதிகூட இல்லை. இதையெல்லாம் வருவதற்கு முன்பே படித்திருந்தேன். அந்த அம்மாவின் கை தண்ணீரைக் காட்டியபோதுதான், லீவு இல்லை என்று சொன்ன அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்தது, எந்த மிஷின் பக்கத்தில் நின்றான், என்ன சட்டை போட்டிருந்தான் என்பது வரைக்கும்.

திரும்பும்போது கரையிலிருந்து ஏணி வரை நடந்து எண்ணினேன். மனைவியும் தனியாக எண்ணினாள், இருவர் கணக்கும் ஒத்துப்போக இரண்டு தடவை நடந்தோம். 338 அடி.

கிளம்பும்போது அம்மா என் தோளில் ஒரு கமோசா போட்டார், வெள்ளையில் சிவப்புக் கரை வைத்த அசாமியத் துண்டு. என் மனைவிக்கு அந்த வைரப்பூத் துணி.

இதைப் படகில் உட்கார்ந்து எழுதுகிறேன். 338 என்று அனுப்பியதும் பதில் வந்தது: "போன பிப்ரவரில நான் எண்ணினப்ப 410ண்ணா."

கேட்பதற்கு முன்பே, ஜூனில் அவனுக்கு இருபது நாள் லீவு என்று எழுதிவிட்டேன்.